மணத்துக்குச் சூடு வேண்டும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்கே மலை. மலைக்கும் ஊருக்கும் நடுவே வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. பகலில் வெயில் பட்ட மலைச்சரிவு சூடேறிக் காற்றை மேலே இழுக்கும். இரவில் சரிவு வேகமாகக் குளிரும். அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, அடிவாரத்தை நோக்கி இறங்கும். மார்கழி, தை மாதங்களில், வானம் தெளிந்த இரவுகளில், இப்படி இறங்கிய குளிர்காற்று வயல்மட்டத்திலேயே தேங்கிவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்றோ சற்று வெதுவெதுப்பாக இருக்கும். உயரே போகப் போகக் குளிரும் என்ற வழக்கமான கணக்கு இங்கே மாறிப்போகிறது. வானிலை அறிவியலில் இதற்கு வெப்பத் தலைகீழாக்கம் என்று பெயர்.

விடியற்காலையில் இந்தப் பக்கத்து ஊர்களில் நடந்தால் இந்த இயற்பியலை மூக்காலேயே அறியலாம். யாரோ ஒரு வீட்டில் போட்ட சாம்பிராணிப் புகை மேலே போக வழியில்லாமல் தெருவோடு நீண்டு கிடக்கும். நான்கு வீடு தள்ளி வருகிறவருக்கும் அது எட்டும். ஆனால் புகை இல்லாத மணங்கள் எல்லாம் அடங்கிப்போயிருக்கும். சித்திரையில் கூடையைத் திறந்ததும் எழும் மல்லிகை, இப்போது முகத்தருகே கொண்டுபோனால்தான் தெரியும். பூவே குறைவு; குளிர் மாதங்களில் மல்லிகை விளைச்சல் சரிந்து, மதுரைச் சந்தையில் விலை ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. அலமாரியில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும்.

தேவதானத்துக் குளிர் பெரிய குளிர் அல்ல. விடியலில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். ஆனால் ஒரு மணத்தின் நடத்தையை மாற்ற அதுவே போதும். குளிர்காலத்துக்கு இதமான, கதகதப்பான நறுமணம் எது என்ற கேள்வியை வாசனைத் திரவியம் விற்பவர்கள் ரசனைக் கேள்வியாகவே வைக்கிறார்கள். அதன் அடியில் ஓர் இயற்பியல் கேள்வி இருக்கிறது. மணப்பொருளிலிருந்து மூலக்கூறுகள் பிரிந்து காற்றில் ஏறினால்தான் மூக்குக்கு மணம். அப்படிப் பிரிய அவற்றுக்குச் சூடு வேண்டும். கோடையில் அந்தச் சூட்டை வெயில் இலவசமாகத் தருகிறது. பனிக்காலத்தில் அதை எங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டும். நெருப்பிடமிருந்து வாங்கலாம்; நம் உடம்பிடமிருந்து வாங்கலாம்; உடம்புச் சூட்டைப் பொத்திவைக்கும் துணியின் உதவியையும் நாடலாம். தமிழர்கள் இந்த மூன்றையும் நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

இலேசானவையும் கனமானவையும்

ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கினால் தெறிப்பது லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. வனிலாவுக்கு மணம் தரும் வனிலினின் எடை 152. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாதாரண வெப்பநிலையில் லிமோனீனின் ஆவியழுத்தம் வனிலினுடையதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். காரணம் எடை மட்டும் அல்ல, பிடிப்பு. லிமோனீனில் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் கைகள் அதற்கு இல்லை. வனிலினில் ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அவை ஹைட்ரஜன் பிணைப்பால் பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. சந்தனத்தின் சாண்டலாலுக்கு எடை 220, பிடிப்பும் உண்டு. கல்யாண வீட்டில் முதல் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் லிமோனீன் இனத்தார்; பந்தல் பிரிக்கும் வரை இருக்கும் வீட்டு மனிதர்கள் வனிலினும் சாண்டலாலும்.

வாசனைத் திரவியம் செய்கிறவர்கள் இந்த வேறுபாட்டை வைத்தே தங்கள் கலவையை மூன்று அடுக்காகக் கட்டுகிறார்கள். தெளித்தவுடன் எழுவது முதல் அடுக்கு: எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட். நடுவில் பூக்கள். கடைசிவரை நிற்பது அடி அடுக்கு: மரம், பிசின், வனிலா, கஸ்தூரி வகை. கதகதப்பான மணம் என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கியவை பெரும்பாலும் இந்த அடி அடுக்கில் இருப்பவை.

ஆகவே, கனமான மணங்கள் குளிரில் நன்றாக எழும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் லிமோனீனின் ஆவியழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். கனமான, பிடிப்புள்ள மூலக்கூறுகளோ பாதிக்கும் கீழே போய்விடும். ஆவியாக அவற்றுக்கு அதிக ஆற்றல் தேவைப்படுவதால், குளிர் அவற்றைத்தான் கூடுதலாக அடக்குகிறது. கோடையில் திகட்டும் சாம்பிராணி, வனிலா, அகில் போன்ற மணங்கள் பனிக்காலத்தில் அளவாகத் தெரிவதற்கு இந்த அடக்கமே காரணம். இவ்வளவு அடங்கியும் அவை தெரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு: வனிலின் போன்றவற்றை நம் மூக்கு மிக மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் அவை நீண்ட நேரம் நிற்கின்றன. எழுப்புவதற்கு மட்டும் சூடு தேவை.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு சிறு மூடிபோட்ட டப்பாக்களில் ஆரஞ்சுத் தோலையும், இன்னும் இரண்டில் நொறுக்கிய சாம்பிராணியையும் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, நான்கையும் திறந்து முகருங்கள். குளிர்ந்த ஆரஞ்சு மெலிந்திருக்கும், ஆனால் ஆரஞ்சு என்று தெரியும். குளிர்ந்த சாம்பிராணியில் வெறும் கல்லின் வாசம்கூட வராமல் போகலாம். அதே கல்லை உள்ளங்கையில் பொத்தி இரண்டு நிமிடம் வைத்திருந்தால் இனிப்பு மெல்ல எழும். கை தந்த சூடுதான் அது.

நெருப்பு

மதுரையை ஆண்ட தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது நக்கீரரின் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகைக் கூதிர்காலத்து நகரை அது காட்டுகிறது. மழையும் வாடையும் சேர்ந்த அந்தக் குளிரில், சந்தனம் அரைக்கும் வட்டக்கல் அரைப்பாரற்றுக் கிடக்கிறது. மகளிர் கூந்தலில் நிறையப் பூச்சூடாமல், சில பூக்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, தகர மரத்தின் விறகில் நெருப்பு மூட்டி, வயிரம் பாய்ந்த அகிலை அதில் இட்டுக் கூந்தலுக்குப் புகை ஊட்டுகிறார்கள். அகிலோடு அயிர் என்ற ஒன்றையும் சேர்க்கிறார்கள். அதற்குக் கண்டசருக்கரை என்று உரை சொல்வார்கள்.

இந்தச் சிறு காட்சிக்குள் ஒரு முழு வேதியியல் பாடம் இருக்கிறது. முதலில் சந்தனத்தை எடுத்துக்கொள்வோம். அரைத்த சந்தனம் குளிர்ச்சி என்கிறோம். மேல்நாட்டு வாசனைக்காரர்கள் சந்தன எண்ணெயைக் கதகதப்பான மணங்களில் வைக்கிறார்கள். இரண்டும் சரி. குழைத்த சந்தனத்தில் நீர் இருக்கிறது; ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ச்சி நீர் தருவது. நீரில்லாத எண்ணெயாகப் பூசினால் சந்தனம் எந்த வெப்பத்தையும் திருடாமல் தோலோடு ஒட்டி மெல்ல மணக்கும். கூதிர்காலத்தில் சந்தனக்கல்லை ஒதுக்கிவைத்தவர்கள் மணத்தை வெறுத்து ஒதுக்கவில்லை, ஈரத்தைத் தவிர்த்தார்கள்.

அடுத்தது அகில். அக்குவிலேரியா இனத்து மரம் நலமாக இருக்கும்போது அதன் கட்டை வெளிறி, மணமற்றுக் கிடக்கும். காயம் பட்டு, பூஞ்சை புகுந்த பின்தான் மரம் தற்காப்புக்காகக் கரிய பிசினைச் சுரந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டையே அகில். நன்றாக ஊறியது நீரில் மூழ்கிவிடும். அதில் இருக்கும் செஸ்குவிடெர்பீன்கள் சாதாரணச் சூட்டிலும் ஓரளவு மணக்கும். ஆனால் குரோமோன் என்ற இன்னொரு வகைச் சேர்மங்கள் உண்டு. குளிர்ந்த கட்டையில் அவற்றுக்குப் பெரிதாக மணமே இல்லை. தணலில் பட்டதும் அவை உடைந்து, பென்சால்டிஹைடு போன்ற இனிய மணமுள்ள துண்டுகளாகின்றன. அதாவது அகிலின் மணத்தில் ஒரு பகுதி கட்டையில் இருப்பது. இன்னொரு பகுதி நெருப்பில் பிறப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வெள்ளை அகில் என்று வேறொரு மரமும் உண்டு. அதன் கட்டைக்கும் மணம் உண்டு, தாவரவியலில் அது வேறு குடும்பம்.

மூன்றாவது, கண்டசருக்கரை. சர்க்கரை சூட்டில் பழுப்பேறும்போது மால்டால், ஃபுரான் வகை மூலக்கூறுகள் பிறக்கின்றன. பாகு காய்ச்சும் வீட்டின் மணம் அதுதான். 1992-இல் பிரான்ஸில் ஏஞ்சல் என்ற வாசனைத் திரவியம் வந்தது. பஞ்சுமிட்டாய் மணமுள்ள எத்தில் மால்டாலையும், மண்ணும் மரமும் கலந்த பாட்சூலி மணத்தையும் அது சேர்த்தது. இனிப்புப் பண்டத்தின் மணத்தை உடம்பில் பூசும் வாசனைகளின் பெரிய அலை அதிலிருந்து எழுந்தது. கரிந்த சர்க்கரையும் கனத்த மரமும் குளிருக்கு ஏற்ற சோடி என்பதை வைகைக் கரையில் கூந்தல் உலர்த்தியவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அகில் இப்போது அரிது. வரைமுறையின்றி வெட்டியதால் அகில் மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நம் வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தது சாம்பிராணி. அதன் தாய்மரம் ஸ்டைராக்ஸ். சுமத்ராவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் வளர்வது. பட்டையைக் கீறிவிட்டுச் சில மாதம் காத்திருந்தால், கசிந்து இறுகிய பால்நிறப் பிசினை உரித்தெடுக்கலாம். இதுவும் காயத்துக்கு மரம் போடும் கட்டுத்தான். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010-ஐ, அதாவது பொது ஆண்டு 1088-ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அதை வெட்டுவித்தது. நம் வீட்டுத் தணலுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக் கடல்வழி இருக்கிறது.

சாம்பிராணியை எப்படிப் போடுவது என்பதில்தான் வித்தை. தணலின் மேல் சாம்பல் மூடியிருக்க வேண்டும். கனன்று சிவந்த கரியில் நேரே போட்டால் பிசின் எரிந்து, மூக்கைக் குத்தும் கரும்புகையாகிவிடும்; மணமூலக்கூறுகள் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சாம்பல் அந்தச் சூட்டைத் தணித்துக் கொடுக்கும்போது பிசின் உருகி, கொதித்து, எரியாமல் ஆவியாகிறது. அப்போது வரும் புகை வெளுத்து, இனித்திருக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் பிசினும் ஒன்றாகப் பிசையப்பட்டிருப்பதால் இந்தக் கட்டுப்பாடு நம் கையில் இல்லை.

எந்தப் புகையும் நுரையீரலுக்கு நல்லதல்ல. நுண்துகள்களும் பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் அதில் உண்டு. பனிக்காலத்தில் சன்னலை அடைத்துவைப்போம். வெளியிலும் தலைகீழாக்கம் புகையை மேலே விடாது. ஆகவே புகை போடும் நேரத்தில் சன்னல் திறந்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும். குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தையைப் புகையில் காட்டும் வழக்கத்தை அன்போடு கைவிடலாம். குழந்தையின் மூச்சுக்குழாய் அதைத் தாங்காது.

எண்ணெய்

தேவதானத்துக்கு வடக்கே, ராஜபாளையத்தைத் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலில் மார்கழி நீராட்டு விழாவின்போது எண்ணெய்க்காப்பு உற்சவம் நடக்கும். திருமுக்குளத்தின் கரையில் அதற்கென்றே மண்டபம் உண்டு. அந்த நாட்களில் ஆண்டாளுக்குச் சாத்தும் தைலம் நல்லெண்ணெயில் மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சுவது. 61 மூலிகை, 40 நாள் காய்ச்சல் என்பது கோயில் வழக்கு. பசும்பால், இளநீர், நெல்லிக்காய், தாழம்பூ எல்லாம் அதில் சேரும். குளிர்காலத்துக்கென்றே ஓர் ஊர் தயாரிக்கும் நறுமணம் இது.

ஏன் நல்லெண்ணெய்? தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். உறைந்த கொழுப்புக்குள் சிக்கிய மணம் வெளிவரத் திணறும். நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிரில் ஒருபோதும் உறையாது. ஏன் பாலும் இளநீரும்? எண்ணெயோடு நீருள்ள பொருளைச் சேர்த்துக் காய்ச்சினால், நீர் வற்றும்வரை வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுப்பில் விறகைக் கூட்டினாலும் கொதி கூடுமே தவிரச் சூடு ஏறாது. மூலிகைகள் கருகாமல், நீரில் கரைவது நீர்வழியாகவும் எண்ணெயில் கரைவது எண்ணெய்வழியாகவும் இறங்க இதனால் நேரம் கிடைக்கிறது. பாலின் புரதமும் இளநீரின் சர்க்கரையும் நெடுநேரச் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரியும்போது, வறுத்த பண்டத்தின் மணமும் பிறக்கிறது. வேதியியலாளர் மெயிலார்டின் பெயரால் அறியப்படும் வினை இது.

தைலம் காய்ச்சும் சித்த மருத்துவர்கள் பதம் பார்ப்பதைக் கவனித்தால் இந்த இயற்பியல் கையிலேயே தெரியும். அடியில் படிந்த வண்டலைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டுவார்கள். சேறுபோல ஒட்டினால் நீர் இன்னும் இருக்கிறது. மெழுகுபோலத் திரண்டால் நீர் பெரும்பாலும் போய்விட்டது. அது மெழுகு பதம். மணல்போல நறநறத்தால் நீர் முழுதும் வற்றிவிட்டது. இனி ஒவ்வொரு நிமிடமும் சூடு 100-ஐத் தாண்டி ஏறும், மணம் கருகத் தொடங்கும். எண்ணெயின் சடசடப்பு அடங்குவதும் அதே நேரத்தில்தான். வெப்பமானி இல்லாத காலத்தில் விரலும் காதும் வெப்பமானியாக இருந்தன.

பூசிய பிறகு எண்ணெய் செய்யும் வேலை வேறு. இப்போது கடைகளில் தெளிக்கும் சென்ட்டில் பெரும்பகுதி எத்தில் ஆல்கஹால். அது நொடிகளில் ஆவியாகி, முதல் அடுக்கு மணத்தை விசிறிவிட்டு, தோலையும் குளிரவைத்துவிட்டுப் போகும். கோடைக்கு அது பொருத்தம். எண்ணெய் ஆவியாவதில்லை. தன்னுள் கரைந்த மணமூலக்கூறுகளைப் பிடித்துவைத்து, தோலின் சூடு தருகிற அளவுக்கு மட்டும் அவற்றை விடுகிறது. நம் தோல் சாதாரணமாக 32, 33 டிகிரியில் இருக்கும். காற்று 20 டிகிரியில் இருக்கும்போது, மணத்துக்குக் கிடைக்கும் அடுப்பு அதுதான். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் வடிப்பவர்கள் மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்குவதும் இதே காரணத்தால். அவர்கள் கோடைக்கு வெட்டிவேரும் மண்வாசனை அத்தரும் தருவார்கள். பல வாசனைச் சரக்குகளும் மூலிகைகளும் சேர்த்து வடித்த ஷமாமாவைக் குளிர்காலத்துக்கு வைத்திருப்பார்கள்.

குளிரில் உடம்பு தன் ரத்தத்தை உள்ளுறுப்புகளின் பக்கம் இழுத்துக்கொள்ளும். விரலும் மணிக்கட்டும் முதலில் குளிரும். அத்தரை மணிக்கட்டில் தடவும் பழக்கம் கோடைக்குச் சரி. மார்கழியில் அந்த அடுப்பு அணைந்திருக்கிறது. பிடரி, காதின் பின்புறம், மார்பு ஆகிய இடங்களில்தான் சூடு நிற்கும்.

துணி

தேவதானத்துக் கோயிலின் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். சோழன் நஞ்சு தோய்த்த ஆடையைப் பாண்டியனுக்குப் பரிசாக அனுப்பினான், அந்த ஆபத்திலிருந்து பாண்டியனை இறைவன் காத்தார் என்பது தலவரலாறு. கதையை உருவாக்கியவர்களுக்குத் துணியைப் பற்றி ஒரு நுட்பமான அறிவு இருந்திருக்கிறது. துணி தன்னுள் வாங்கியதைச் சும்மா வைத்திருக்காது. உடுத்தியதும், உடம்புச் சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாக உடுத்தியவரிடம் சேர்க்கும். நஞ்சுக்கு எது பொருந்துமோ அது மணத்துக்கும் பொருந்தும்.

பருத்தி நூலின் பரப்பு மிகப் பெரிது; ஒவ்வொரு இழையும் மணமூலக்கூறு ஒட்ட இடம் தருகிறது. கம்பளிக்கு இன்னும் ஒரு குணம்: அது புரதம், ஈரத்தையும் மணத்தையும் நன்றாக உள்வாங்கும். தோலில் பூசிய மணத்தை வியர்வையும் தோலின் எண்ணெயும் மாற்றிவிடும். துணியில் அது மாறாமல் நாட்கணக்கில் நிற்கும். போர்வைக்கும் உடம்புக்கும் நடுவே அடைபட்ட காற்று வெளிக்காற்றைவிடச் சூடானது. போர்வையைச் சற்று விலக்கும்போதெல்லாம் அந்தச் சூடான காற்று மணத்தோடு மூக்குக்கு வரும்.

19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. பூச்சி அரிக்காமலிருக்க அவற்றின் மடிப்புகளில் உலர்ந்த பாட்சூலி இலைகளை வைத்து அனுப்பினார்கள். அந்த இலைக்கு மணம் தரும் பாட்சூலாலின் மூலக்கூறு எடை 222. கம்பளியை அது எளிதில் விடாது. ஐரோப்பியப் பெண்கள் அந்த மணத்தையே அசல் சால்வையின் அடையாளமாகக் கொண்டார்கள். போலிச் சால்வை நெய்த ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கும் விலைபோக அந்த இலையைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று. குளிருக்கு உடுத்தும் துணியின் மணம் இப்படித்தான் ஒரு கண்டத்துக்கே குளிர்கால மணமாயிற்று.

மூக்குக்குள் ஒரு சூடு

சில மணங்கள் உண்மையிலேயே சூட்டு உணர்வைத் தூண்டுகின்றன. முகத்துக்கும் மூக்குக்கும் தொடுவுணர்வு கொண்டுவரும் முக்கிளை நரம்பின் நுனிகளில் வெப்பத்தை அறியும் புரதங்கள் இருக்கின்றன. மிளகாயின் காப்சைசின் எதைத் தொட்டுக் காரத்தை உண்டாக்குகிறது என்பதை டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டறிந்தது. டிஆர்பிவி1 என்ற அந்தப் புரதம் 43 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கும் திறந்துகொள்ளும். அதனால்தான் காரம் நமக்குச் சூடாகவே தெரிகிறது. இந்தத் துறை வேலைக்காக ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூட்டியனும் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதன் உறவான டிஆர்பிவி3 இதமான வெதுவெதுப்பை அறிவது. கிராம்பின் யூஜினாலும் ஓமத்தின் தைமாலும் அதைத் திறக்கின்றன. புதினாவின் மென்தாலோ குளிரை அறியும் டிஆர்பிஎம்8-ஐத் திறக்கிறது. ஆகவே கிராம்பு கதகதப்பு, புதினா குளிர்ச்சி என்று நாக்கும் மூக்கும் சொல்வது கற்பனை அல்ல.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராம்பு எண்ணெயையும் இலவங்கப்பட்டை எண்ணெயையும் நேரே தோலில் பூசக் கூடாது. இரண்டும் தோலை எரிக்கும். சிலருக்கு வாழ்நாள் ஒவ்வாமையை உண்டாக்கும். நல்லெண்ணெயில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கரைத்து, முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நினைவு தரும் கதகதப்பு

நரம்பில் ஏறும் சூடு பாதிக் கதை. மீதியைப் பழக்கம் எழுதுகிறது. மற்றப் புலன்களின் செய்தி மூளைப் புறணிக்குப் போகும் வழியில் தலாமஸ் என்ற நிலையத்தில் நின்று போகும். மணம் மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. 1999-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு: கைக்குழந்தையாக இருந்தபோது வனிலா மணமுள்ள புட்டிப்பால் குடித்தவர்கள், வளர்ந்த பிறகு வனிலா கலந்த தக்காளி கெட்சப்பை விரும்பினார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்களோ சாதாரணக் கெட்சப்பையே விரும்பினார்கள். எந்த மணம் இதம் என்பதை நாம் பேசத் தொடங்கும் முன்பே கற்றுக்கொள்கிறோம்.

பிறவிக்கும் இதில் பங்குண்டு. 2022-இல் வெளியான ஆய்வொன்று நகரவாசிகள் முதல் வேட்டையாடி வாழும் மக்கள்வரை பல பண்பாட்டினரிடம் பத்து மணங்களை வரிசைப்படுத்தச் சொன்னது. வனிலின் முதலிடத்துக்கு வந்தது. பண்பாட்டு வேறுபாட்டின் பங்கு சிறிதாகவும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் பங்கு பெரிதாகவும் இருந்தன.

ஐரோப்பியருக்கு வனிலா என்றால் குளிர்காலத்து அடுமனை. 1874-இல் டீமனும் ஹார்மனும் வனிலினைச் செயற்கையாகச் செய்த பிறகு அது மலிந்தது. 1925-இல் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட ஷாலிமார் என்ற வாசனைத் திரவியம் அதன் வலிமையான உறவான எத்தில் வனிலினைத் தாராளமாகச் சேர்த்து, முகலாயத் தோட்டத்தின் பெயரோடு உலகம் சுற்றியது. நமக்கோ வனிலா என்றால் ஐஸ்கிரீம். தமிழ் மூக்குக்கு அது சில்லென்ற மணம். ஆனால் வனிலின் நம் வீட்டிலும் வேறு வழியில் நுழைந்திருக்கிறது. சாம்பிராணிப் பிசினில் அது சிறிதளவு உண்டு. விறகு எரியும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வரும் குவாயகாலும் வனிலினும் ஒரே எலும்புக்கூட்டைப் பகிர்ந்துகொள்பவை. எண்ணெய்க் குளியல் முடிந்து, விறகடுப்பு வெந்நீரின் வாசம் போகாத உடம்போடு, கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்தி வளர்ந்தவருக்குக் கதகதப்பு என்பது அந்த மணம்தான். பாரிஸ்காரர் வனிலாப் புட்டியில் தேடுவதும் நாம் தூபக்காலில் கண்டதும் வேதியியலில் நெருங்கிய சொந்தம்.

பனிக்காலத்துக்கு எதை அணிவது

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய பொருள் எல்லாம் இருக்கிறது. மரிக்கொழுந்து நம் மண்ணில் பனிக்காலத்துப் பயிர். கார்த்திகையை ஒட்டி விதைத்து மாசிவாக்கில் அறுப்பது. அதன் எண்ணெயில் பெரும்பங்கான டவனோன், பழமும் பசுமையும் கலந்த ஆழ்ந்த மணம் தருவது. உலகத்து வாசனைக்காரர்கள் அதை நம்மிடம் வாங்குகிறார்கள். சந்தனமும் வெட்டிவேரும் அடியில் நிற்கும். சாம்பிராணி இனிப்புத் தரும். ஏலமும், அளவறிந்த கிராம்பும் சூடு தரும். தேவதானத்துக்கு மேலே எழும் மலைத்தொடரின் ஈரக்காடுகளில் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் உண்டு. இந்தப் பக்கத்துக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே மரத்தைக் கீறக் கூடாது, கீறவும் வேண்டாம். பிசின் என்பது மரத்தின் காயம். அதை முறையாக வளர்த்து, ஆறவிட்டு எடுக்கும் இடத்திலிருந்து வாங்குவதே நாம் அந்த மணத்துக்குச் செய்யும் மரியாதை.

எந்தப் பெயர்போட்ட புட்டியானாலும், உள்ளூர் அத்தரானாலும், மார்கழிக்கு வாங்குகிறவர் கடைக்காரரிடம் முதலில் மணத்தின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. இது எதில் கரைந்திருக்கிறது, எண்ணெயிலா ஆல்கஹாலிலா என்று கேட்கலாம். முகர்ந்து பார்த்து, உடனே எடுத்துக்கொள்ளாமல், பிடரியில் ஒரு துளி தடவிக்கொண்டு கடைவீதியில் அரை மணி நேரம் நடக்கலாம். முதல் அடுக்கு போய், உடம்பின் சூட்டில் அடி அடுக்கு எழுந்த பிறகு வருவதுதான் அந்தப் புட்டி பனிக்காலம் முழுக்கத் தரப்போகும் மணம். அது பிடித்திருந்தால் வாங்கலாம்; ஒரு துளியைப் போர்வையின் உள்மடிப்பில் கறை தெரியாத ஓரத்தில் வைக்கலாம். மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும். 37 டிகிரியில் எரியும் அந்த அடுப்பைவிடச் சீரான தணலை எந்த வாசனைக்காரரும் இன்னும் செய்யவில்லை.